பட்டனுக்கு ஏழு சுற்று

அந்த மனிதர் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிய நொடியில் அவள் படுக்கையின் மூலைக்கு ஒடுங்கினாள்.

அதுவரை எல்லாம் அவள் பயந்ததைவிட நல்லபடியாகவே நடந்திருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து குதித்தபோது முழங்கை மட்டும்தான் சிராய்த்தது. ஸ்டேஷன்வரை நடந்த இருபது நிமிடத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட எதிர்ப்படவில்லை. ரயில் சொன்னபடி ஏழரைக்கு வந்து நின்றது. படுத்துக்கொண்டு போகும் பெட்டி அதில் ஒன்றே ஒன்றுதான். அங்கே நான்கு பேருக்கான சின்ன அறையில் மேல் படுக்கை அவளுக்கு. மற்ற மூன்றும் காலி. இப்படியே காலியாக இருங்களேன் என்று அந்த மெத்தைகளை அவள் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, ரயில் நகர ஆரம்பித்த பிறகு, அவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். குள்ளம். கையில் ஒரு தகரப் பெட்டி. தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல அதைக் கீழ்ப் படுக்கையில் வைத்தார்.

"உயிர் போய் உயிர் வந்துச்சும்மா," என்றார், நெடுநாள் பழகியவர்போல. "இன்னும் ஒரு நிமிஷம் லேட்டாயிருந்தா நாளைக்குக் காலையில பதினாலு பேரு பல்லில்லாம உட்கார்ந்திருப்பாங்க. எல்லாப் பல்லும் இந்தப் பெட்டியிலதான் சிரிச்சிட்டிருக்கு."

பல்செட்டு செய்கிறவராம். சொல்லிவிட்டுத்தான் கோட்டைக் கழற்றினார்.

கோட்டின் உட்புறம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடியது. இடது அக்குளுக்குக் கீழே உள்துணி கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. சின்னச் சின்னதாக, லேசாகச் சாய்ந்த தையல். தன் கையெழுத்தை மறந்தாலும் தன் தையலை அவள் மறக்கமாட்டாள். உள்கழுத்தில் பச்சை நூலில் ஒரு முடிச்சு. மேலிருந்து இரண்டாவது பட்டன் ஒற்றை இழையில் தொங்கியது. ஒரு மாதமாகத் தொங்குகிறது. இன்றைக்குத் தைக்கிறேன், நாளைக்குத் தைக்கிறேன் என்று அவள் வேண்டுமென்றே தள்ளிப்போட்ட பட்டன். அவளால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

அது அண்ணனின் கோட்டு.

ஆள் அனுப்பிவிட்டான், என்று நினைத்தாள். ரயில் இன்னும் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் ஆள் அனுப்பிவிட்டான்.

அண்ணன் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. அடித்திருந்தால் பிறருக்குக் காட்ட ஒரு தழும்பாவது இருந்திருக்கும். அவன் சிரிப்பான். முழங்கையைப் பிடிப்பான். இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை அவள் பஸ் நிலையம்வரை போய்விட்டாள். அவன் ஓடிக்கூட வரவில்லை. நிதானமாக நடந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களிடம், "மன்னிச்சுக்குங்க, என் தங்கச்சிக்கு மனசு சரியில்லை, மாத்திரை போட மறந்துட்டா," என்றான். அவள் கத்தினாள். கத்தக் கத்த, அவன் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். ஒரு அம்மாள் அவள் தலையைத் தடவி, "அண்ணன்கூட போடா கண்ணு," என்றாள். அந்தக் கை இன்னும் தலையில் இருப்பதுபோல அவளுக்குச் சில நாள் தோன்றும்.

பழைய உடைகளைப் பிரித்துச் சரிசெய்து தரும் கடை அவர்களுடையது. முன்மேசையில் அண்ணன், உள்ளே மெஷினில் அவள். அவள் கை இல்லாவிட்டால் கடை இல்லை. அதனால்தான், அண்ணன் சொல்லில், அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. பஸ் நிலையத்துக்குப் பிறகு, அவள் வீட்டில் தங்கும் நாட்களில் வெளியே பூட்டிவிட்டுச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போவான். ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாடகக் கம்பெனியிலிருந்து கிழிந்த உடைகள் பழுதுக்கு வந்தன. போன மாதம் வந்த ராணி உடையின் கைக்குள்ளே ஒரு கடிதம் ஊசியால் குத்தியிருந்தது, கூடவே ஒரு ரயில் டிக்கெட்: 'இப்படித் தைக்கிற கை எங்கள் உடையறைக்கு வேண்டும். வேலை இருக்கிறது, தங்க அறையும் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு நானே வந்து நிற்பேன். வா.' பதினோரு நாள், மெஷின் திருப்புளியை மேல்சட்டைக்குள் ஒளித்து வந்து, ஜன்னல் வலையின் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். இன்று தலைவலி என்று படுத்தாள். குதித்த பிறகு, வலையை அதன் இடத்திலேயே சாத்திவைத்துவிட்டுத்தான் வந்தாள்.

"எங்கம்மா போறீங்க?"

"கடைசி ஸ்டேஷன்."

"நானும்தான். சொந்தக்காரங்க இருக்காங்களா?"

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அவரோ விடுகிற ஆளாக இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். வெளியே வந்தது ஒரு சாவிக்கொத்து.

"இதென்னடா கூத்து!"

இன்னொரு பையைத் துழாவினார். பிறகு பணப்பையிலிருந்து கடை ரசீதை எடுத்து, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்து, எண்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டே போனில் அழுத்தினார். அந்த எண்களை அவள் தூக்கத்திலும் சொல்வாள்.

"ஹலோ, சார், சாயங்காலம் கோட்டு வாங்கிட்டுப் போனேனே, பல்செட்டு. ஆமா, அந்த வாயாடிதான். சார், நீங்க குடுத்தது என் கோட்டு இல்ல. இதுல ஒரு கொத்து சாவி இருக்கு."

போனிலிருந்து அண்ணனின் குரல் கொட்டியது. ரயில் சத்தத்தையும் மீறி அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அய்யோ, அது என்னோட கோட்டு சார்! அரைமணி நேரமா வாசல்ல நிக்கிறேன். வீட்டுச் சாவி அதுலதான். என் தங்கச்சி உள்ளே இருக்கா, உடம்பு சரியில்லாத பொண்ணு. கூப்பிட்டா சத்தமே இல்ல."

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. கடையில் துணிகளுக்குச் சீட்டு ஒட்டினால் இஸ்திரி ஆவியில் பிய்ந்துவிடும். அதனால் அவள் உள்கழுத்தில் நூல் முடிச்சு போடுவாள், ஆளுக்கு ஒரு நிறம். பல்செட்டுக்காரரின் கோட்டுக்குப் பழுப்பு. அண்ணனுடையதற்குப் பச்சை. அண்ணன் கண்ணுக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்றுதான். அதை அவன் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. தன் கோட்டையும் அதே கம்பியில் மாட்டிவைத்திருப்பான், இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். எடுத்துக்கொடுக்க அவள் இல்லை. தானே முடிச்சைப் பார்த்து, தானே எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

அப்படியானால் இவர் யாரும் அனுப்பிய ஆள் இல்லை. அவள் ஓடிவிட்டது அண்ணனுக்கு இன்னும் தெரியாது. ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் பல்செட்டுக்காரர் சொன்னார்:

"பூட்டை உடைச்சிடுங்களேன் சார்... ஓ, அக்கம்பக்கம் பேசுவாங்களா... சரி சரி. மூணு பத்துக்கு ஜங்ஷன்ல அஞ்சு நிமிஷம் நிக்கும். வண்டியில வந்துடுவீங்களா? வாங்க. படுக்கைப் பெட்டி ஒண்ணுதான் இருக்கு, மூணாவது அறை. என் கோட்டையும் மறக்காம கொண்டுவாங்க."

போனை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "பாவம்மா. ஒரு பொண்ணு உள்ளே மாட்டிக்கிட்டிருக்கு. இந்த ராத்திரியில அவ்வளவு தூரம் காரோட்டிக்கிட்டு வர்றார். என்ன பாசம் பாருங்க!"

அவள் போர்வையைத் தள்ளிவிட்டு ஏணியில் காலை வைத்தாள்.

இறங்கி நடைவழிக்கு வந்தாள். கோடியில் ஒரு மடக்கு நாற்காலியில் பெட்டியின் அட்டெண்டர் அம்மாள் போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பருத்த கைகள், கழுத்தில் ஒரு விசில்.

"ஜங்ஷனுக்கு முன்னாடி எங்கேயாவது நிக்குமா?"

"நிக்காது."

"பக்கத்துப் பெட்டிக்குப் போகலாமா?"

"இந்தப் பக்கம் சரக்கு. அந்தப் பக்கம் எஞ்சின். எதுல உட்காரப்போறீங்க?"

"டாய்லெட்?"

"ஸ்டேஷன் வருதுன்னா பூட்டிடுவேன். தாண்டினாத்தான் திறப்பேன். சட்டம்." அட்டெண்டர் அம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "என்னம்மா, ஏதாவது பிரச்சனையா?"

சொல்லலாம். நுனிநாக்குவரை வந்தது. பஸ் நிலையத்து அம்மாளின் கை தலையில் விழுந்தது. "ஒண்ணுமில்ல," என்றாள்.

திரும்பி வந்தபோது பல்செட்டுக்காரர் தொங்கும் பட்டனை ஆராய்ந்துகொண்டிருந்தார். "இது பிய்ஞ்சு விழுந்தா நான்தான் பிய்ச்சேன்னுவாரு. எங்கேயோ லாட்ஜ்ல தங்கினப்ப குடுத்த ஊசிநூல் என்கிட்ட இருக்கு. உங்களுக்குத் தைக்க வருமாம்மா?"

"வராது."

வாழ்க்கையில் முதன்முறையாக அந்தப் பொய்யைச் சொன்னாள். அது அவளுக்கு விசித்திரமாக வலித்தது. அவர் தானே தைத்தார், நாக்கைத் துருத்திக்கொண்டு. இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டு, இரண்டு முறையும் ஊசியைத் திட்டினார்.

"சார், அவர் வந்தா கோட்டை வாசல்லயே குடுத்துடுங்களேன். எனக்குத் தூக்கம் கெட்டுப்போகும்."

"நல்லா சொன்னீங்க! அவ்வளவு தூரம் வர்ற மனுஷனை வாசல்ல நிக்க வைக்கிறதா? பிளாஸ்க்ல டீ வச்சிருக்கேன். நீங்க பாட்டுக்குத் தூங்குங்க, நான் மெதுவாப் பேசறேன்."

மெதுவாகப் பேசுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது என்பதை அவள் ஏற்கனவே அறிவாள்.

விளக்கை அணைத்தார்கள். நடைவழியின் நீல விளக்கு கதவிடுக்கில் ஒரு கோடாக விழுந்தது. அவர் குறட்டை விட்டார். தகரப் பெட்டிக்குள் பற்கள் ரயிலின் ஆட்டத்துக்கேற்ப கடகடத்தன. இருட்டுக்குள் யாரோ குளிரில் நடுங்குவதுபோல் இருந்தது. பிறகு அவளுக்குத் தோன்றியது, தன்னுடைய பற்கள்தானோ என்று. வெளியே எங்கோ ஒரு சாலையில், கடன் வாங்கிய காரில், அண்ணன் வந்துகொண்டிருக்கிறான். தூரத்தில் விளக்கு தெரிந்தபோதெல்லாம் அது அவன்தான் என்று நினைத்தாள். அது ஒரு வீடாக இருந்தது, ஒரு ஆலையாக இருந்தது, ஒருமுறை வெறும் நட்சத்திரமாக இருந்தது.

இரண்டரைக்குச் சத்தமில்லாமல் கீழே இறங்கினாள். சாவியை எடுத்து ஜன்னல் வழியாக வீசிவிடலாம். வீசினால்? தரையெல்லாம் தேடுவான், மெத்தைகளைத் தூக்கிப் பார்ப்பான், ஏணியில் ஏறுவான். கொத்தைப் பைக்குள்ளேயே நழுவவிட்டாள். விரல்கள் பட்டனில் பட்டன.

கோணலாகத் தைத்திருந்தார். துணியோடு துணியாக அழுத்தி, நூலைக் குப்பையாகச் சுருட்டி. அவர் ஊசியும் நூலும் குட்டிக் கத்தரிக்கோலும் மேசையிலேயே கிடந்தன.

பயந்தால் சிலர் நகத்தைக் கடிப்பார்கள். அவள் தைப்பாள். அப்பா செத்த இரவில் வீட்டிலிருந்த எல்லாத் திரைச்சீலைகளுக்கும் ஓரம் அடித்தாள். தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே கதவிடுக்கின் நீல வெளிச்சத்தில் கத்தரிக்கோலை எடுத்து அவர் தையலைப் பிரித்தாள். நூலைக் கோத்தாள். ஊசி துணியைத் தொட்டதும் கை தன்பாட்டில் ஓடியது. நான்கு துளை, குறுக்கே போகாமல் இரண்டு இணைக்கோடு. பிறகு பட்டனுக்கும் துணிக்கும் நடுவே நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு கழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு. முடிச்சு. நூலைப் பல்லால் கடித்தாள்.

கடித்த பிறகுதான் உறைத்தது.

எல்லாரும் நாலு சுற்றோடு நிறுத்துவார்கள். ஏழு அவள் கணக்கு. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் அதைத்தான் பெருமையடிப்பான்: "என் தங்கச்சி போட்ட பட்டன் சார். கோட்டு கிழியும், பட்டன் போகாது." விரலால் தடவியே சொல்லிவிடுவான். ஒரு மாதமாகத் தைக்க மறுத்த பட்டனை, அவன் வருகிற இந்த இரவில், தன் கையாலேயே, தன் பெயரை எழுதுவதுபோல் தைத்துவைத்திருக்கிறாள்.

கத்தரிக்கோலைப் பட்டனுக்கடியில் நுழைத்தபோது கதவு தட்டப்பட்டது. "ஜங்ஷன். பத்து நிமிஷம்." கீழ்ப் படுக்கை கிறீச்சிட்டது. அவள் எப்படி ஏணியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. பல்செட்டுக்காரர் விளக்கைப் போட்டார், கொட்டாவி விட்டார், கோட்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார், பிளாஸ்கின் மூடியைத் திறந்தார்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். போர்வையைத் தலைக்குமேல் இழுத்தாள். ஷூ? ஷூ கீழே இருந்தது, ஏணிக்கடியில். இடது ஷூவின் குதிகாலை அண்ணன்தான் போன வாரம் ஒட்டிக் கொடுத்தான்.

ரயில் நின்றது. ஒரு பெரிய அமைதி. பிறகு நடைவழியில் செருப்புச் சத்தம், அவசரமே இல்லாத நடை.

"வாங்க சார், வாங்க! கண்ணெல்லாம் சிவந்துபோச்சே. டீ?"

"வேண்டாம் சார், தங்கச்சி காத்திருப்பா." இரண்டு முழம் தள்ளி அந்தக் குரல். "இந்தாங்க உங்க கோட்டு. என் கவனப்பிசகு."

துணி கைமாறும் சலசலப்பு. சாவி குலுங்கியது. அவன் கோட்டை மாட்டிக்கொள்வது கேட்டது. ஒரு பட்டன். இரண்டாவது பட்டன்.

மூன்றாவதுக்கு அவன் போகவில்லை.

"இதை யாரு தைச்சது?"

"நான்தான் சார்!" பல்செட்டுக்காரரின் குரலில் பெருமை. "பாருங்க, ரெண்டு இடத்துல குத்து."

"நீங்களா?"

"ஏன் சார், நல்லாயில்லையா?"

"ரொம்ப நல்லாயிருக்கு." அண்ணன் சிரித்தான். "மேலே யாரு?"

"ஒரு பொண்ணு. தூங்கட்டும், பாவம். தைக்கக்கூட வராதாம் அதுக்கு."

ஏணி லேசாக முனகியது. போர்வை விலகவில்லை, போர்வையோடு சேர்த்து அவள் முழங்கை, சிராய்த்த அதே முழங்கை, ஒரு கைக்குள் அடங்கியது. மென்மையாக. பழகிய இடத்தில் பழகிய பிடி. அவள் உடம்பு தானாகவே எழுந்திருக்கத் தயாரானது. அதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

அவன் மூச்சிழுத்தான். அவளுக்குத் தெரியும் அடுத்து வரப்போவது எது என்று. மன்னிச்சுக்குங்க. என் தங்கச்சிக்கு. அந்த வாக்கியம் ஒருமுறை தொடங்கிவிட்டால் அப்புறம் அவள் என்ன சொன்னாலும் அது நோயின் பேச்சு.

போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை. கத்தக் கூடாது என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"சார்," என்றாள் பல்செட்டுக்காரரைப் பார்த்து, "பட்டனை நான்தான் தைச்சேன். நீங்க தூங்கினப்ப பிரிச்சுத் தைச்சேன். உள்ளே மாட்டிக்கிட்ட தங்கச்சி நான்தான். மாட்டிக்கல. இவர் பூட்டிட்டுப் போனார். அந்தக் கொத்துல இருக்கற பெரிய சாவி அதுக்குத்தான். நான் வேலைக்குப் போறேன்."

குரல் நடுங்கியது. நடுங்கட்டும்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றான் அண்ணன், பிடியை விடாமல், முகமெல்லாம் கனிவாக. "சொன்னேனே, மனசு சரியில்லாத பொண்ணு. எப்படி வெளியே வந்தாளோ. வாடா, வீட்டுக்குப் போகலாம்."

பல்செட்டுக்காரர் தன் கோட்டுப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு, அவனுடைய கோட்டுக்குக் குனிந்து, பல்லைப் பார்ப்பதுபோல் பட்டனைப் பார்த்தார். விரலால் அசைத்துப் பார்த்தார். பிறகு தன் குத்துப்பட்ட விரலைப் பார்த்தார்.

"சார்," என்றார் மெதுவாக. அவருக்கு மெதுவாகவும் பேச வந்தது. "வீட்டை வெளியில பூட்டினது நீங்களா?"

"அவ நல்லதுக்குத்தான்..."

"சத்தமே இல்லைன்னீங்களே. உள்ளே என்ன ஆச்சோன்னு பூட்டை உடைக்கல. அக்கம்பக்கம் பேசும்னீங்க." அவர் குரல் கம்மியது. "நானும் பாசம்னு நினைச்சேனே."

கதவில் அட்டெண்டர் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவள் யாரையும் பரிதாபமாகப் பார்க்கவில்லை.

"டிக்கெட்?" என்றாள் அண்ணனிடம்.

"அம்மா, இது குடும்ப விஷயம்..."

"இந்தப் பொண்ணுகிட்ட டிக்கெட் இருக்கு, கடைசி ஸ்டேஷன்வரைக்கும். நான் பார்த்தேன். உங்ககிட்ட இருக்கா? இல்லை. அப்ப கையை எடுத்துட்டு இறங்குங்க. ஒரு நிமிஷம்தான் இருக்கு. நான் விசில் ஊதினா போலீஸ்தான் வரும். அவங்க வந்தா ரயில் லேட்டாகும்; லேட்டானா எனக்கு ரொம்பக் கோபம் வரும்."

விசிலை வாயில் வைத்துக்கொண்டாள்.

முழங்கையிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக எடுபட்டன. அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "சரிடா," என்றான் அன்பாக. "அங்கே வந்து பார்க்கறேன்."

ரயில் நகர்ந்தது. அவள் ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். அவன் பிளாட்பாரத்தில் ஓடவில்லை. இரண்டாவது பட்டன்மேல் கையை வைத்தபடி, நிதானமாக, கார் நின்ற பக்கம் நடந்தான். கொஞ்ச நேரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய சாலையில் இரண்டு விளக்குகள் தோன்றின. இந்த முறை அது வீடும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ரயிலுக்கு இணையாக வந்தது. மெல்ல முந்தியது.

"முந்திடுவானா?" என்று கேட்டாள். பற்கள் இப்போது உண்மையாகவே அடித்துக்கொண்டன.

அட்டெண்டர் அம்மாள் குனிந்து வெளியே பார்த்தாள். "முந்தட்டும். முன்னாடி மலை. ரோடு அதைச் சுத்திக்கிட்டுப் போகும், அஞ்சு மணி நேரம். நாங்க குடைஞ்சுக்கிட்டுப் போவோம், மூணு மணி நேரம். உங்களை அழைக்க ஆள் வருமா?"

"வேலைக்குக் கூப்பிட்ட உடையறை அம்மா வர்றேன்னு எழுதியிருந்தாங்க."

"வரலைன்னா?" என்றார் பல்செட்டுக்காரர்.

அவளுக்குத் தெரியவில்லை. அவர் தகரப் பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "பதினாலு பேரும் கொஞ்ச நேரம் பல்லில்லாம இருக்கட்டும்," என்று தனக்குள் முணுமுணுத்தார். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டினார். அவள் வாங்கியபோது பாதி போர்வையில் கொட்டியது. அவர் பார்க்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் ஏணியில் இறங்கி ஷூவைப் போட்டுக்கொண்டாள். கயிற்றை இறுக்கிக் கட்டினாள். மூன்று மணி நேரம் இருக்கிறது, ஆனாலும் கட்டினாள்.

கார் விளக்குகள் ஒரு வளைவில் இடதுபக்கம் ஒதுங்கின, மரங்களுக்குள் மினுங்கின, சிறுத்தன. அவை அணைந்துவிட்டனவா, இல்லை மறைந்துதான் போயினவா என்று அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ரயில் மலைக்குள் புகுந்தது. காது அடைத்தது. ஜன்னல் முழுக்கக் கறுப்பாகி, அதில் அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது, பயந்த முகம். அதைப் பார்த்துக்கொண்டே, முழங்கையை மற்றொரு கையால் பொத்திக்கொண்டு, நூலைச் சுற்றுவதுபோல் எண்ண ஆரம்பித்தாள்.